ஃபேஜ் சிகிச்சை தேடிப் போகும் முன் யாராவது இதையெல்லாம் சொல்லியிருக்கலாம்

சளிப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஒரே கிருமியின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்குக் கீழே இருக்கும் மருந்துப் பட்டியலில் 'எஸ்' (மருந்துக்குக் கிருமி அடங்கும்) குறைந்து 'ஆர்' (அடங்காது) கூடிக்கொண்டே போகிறது. இந்த நிலையில் இருக்கும்போது யாரோ ஒருவர் "ஃபேஜ் என்று ஒன்று இருக்கிறதாமே, பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸாம்" என்கிறார். அங்கே நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் அந்த இடத்தில் நின்றபோது கேட்பதற்கு ஆளில்லை. விளம்பரம் செய்தவர்கள் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள், மற்றவர்கள் அதெல்லாம் ஏமாற்று என்றார்கள். நடுவில் இருக்கும் விஷயத்தைச் சொல்ல யாரும் இல்லை.

எனக்கு இருப்பது பிராங்கியெக்டாசிஸ். மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோய், சளியை மேலே தள்ளும் வேலையை ஒழுங்காகச் செய்யாத நிலை. சளி தேங்கினால் கிருமி குடியேறும். எனக்குள் குடியேறியது சூடோமோனாஸ் ஏருஜினோசா. ஆரம்பத்தில் மாத்திரைக்கு அடங்கியது, பிறகு ஊசிக்கு மட்டும் அடங்கியது, அப்புறம் ஊசிகளிலும் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. நோயைவிட எனக்குப் பெரிய கஷ்டம் வெட்கம்தான். பேச்சின் நடுவே இருமல் வந்து, பச்சைச் சளியைத் துப்ப இடம் தேடும்போது எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்க்கவேண்டியிருக்கும். தொற்றிக்கொள்ளுமோ என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டவர்களும் உண்டு. இந்த மனநிலையில் இருப்பவனிடம் எதை விற்றாலும் வாங்குவான். அதனால்தான் பணத்தைப் பற்றியும் கொஞ்சம் வெளிப்படையாக எழுதப்போகிறேன்.

எனக்கு முதலில் கிடைத்தது டாம் பேட்டர்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் கதை. எகிப்துப் பயணத்தில் நோய்வாய்ப்பட்டு, எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத அசினெட்டோபாக்டர் கிருமியால் கோமா வரை போனவர். 2016 மார்ச்சில் சான் டியேகோவில் அவருக்கு ஃபேஜ் கொடுத்தார்கள், எழுந்துவிட்டார். வெண்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு நிமோனியா கொண்டுவரும் கிருமிகளில் அசினெட்டோபாக்டரும் ஒன்று என்பதால் 'இது நம் வகைக் கதைதான்' என்று மனசு ஒட்டிக்கொண்டது. அந்தக் கதையில் ஒரு பகுதி எல்லோராலும் சொல்லப்படுவதில்லை. சிகிச்சை தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே அவர் உடம்பிலிருந்த கிருமி அந்த ஃபேஜ்களுக்குப் பழகிக்கொண்டது, அவசரமாக வேறு ஃபேஜ் தேடவேண்டி வந்தது. கூடவே ஆன்டிபயாடிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த இரண்டு விவரத்தையும் நான் அன்றே கவனித்திருந்தால் பாதி செலவு மிஞ்சியிருக்கும் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நான் படித்த கட்டுரைகளில் அது எழுதப்படவே இல்லை.

ஃபேஜ் என்பது பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். மனித செல்லுக்குள் அது பெருகாது. 1915இல் பிரடெரிக் ட்வோர்ட்டும் 1917இல் ஃபெலிக்ஸ் தெரெல்லும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. பென்சிலின் வருவதற்கு முன்பே அதை மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள். 1923இல் ஜார்ஜியாவின் திபிலிசியில் தொடங்கிய எலியாவா நிறுவனம் இன்றுவரை இதையே செய்துவருகிறது. வேலை நடக்கும் விதம் இப்படி: ஃபேஜின் வால் நுனி பாக்டீரியாவின் மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறைத் தேடும். கிடைத்தால் ஒட்டிக்கொண்டு தன் மரபணுவை உள்ளே செலுத்தும். பாக்டீரியாவின் இயந்திரங்கள் அதன்பிறகு ஃபேஜுக்காக உழைக்கும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் உள்ளே ஃபேஜ் குஞ்சுகள் நிறைந்து, எண்டோலைசின் என்ற நொதி செல்சுவரை உள்ளிருந்தே அறுத்துவிட, பாக்டீரியா வெடிக்கும். வெளியே வரும் பத்து, நூறு ஃபேஜ்கள் அடுத்த பாக்டீரியாவைத் தேடிப் போகும். கிருமி இருக்கும்வரை தானே பெருகும் மருந்து. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

அடுத்து நடந்தது, பணம் போனது. ஒரு இடைத்தரகர் மூலம் 'நுரையீரல் தொற்றுக்கான ஃபேஜ் காக்டெய்ல்' (பல ஃபேஜ்களின் கலவை) என்ற பெயரில் ஒரு பெட்டி பாட்டில்கள் வந்தன. என் சளியைக் கேட்கவில்லை, ரிப்போர்ட்டைக்கூடக் கேட்கவில்லை. நோயின் பெயர் போதும் என்றார்கள். பல மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகை. கூரியரில் நாட்கணக்கில் கிடந்து, வெதுவெதுப்பாக என் கைக்கு வந்தது. குடித்தேன், சிலவற்றை ஆவியாக இழுக்கவும் சொன்னார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மோசமாகவும் ஆகவில்லை, நல்லதும் ஆகவில்லை. பிறகு ஒரு மைக்ரோபயாலஜிஸ்ட் அந்தப் பாட்டிலில் மிச்சமிருந்ததை, தட்டில் வளர்த்த என் கிருமியின் மேல் துளித்துளியாக விட்டுப் பார்த்தார். வேலை செய்யும் ஃபேஜாக இருந்தால் துளி விழுந்த இடத்தில் கிருமிப் படலம் கரைந்து தெளிவான வட்டம் தெரியும். என் தட்டில் ஒரு வட்டம்கூட இல்லை. எனக்கு வந்த கோபத்தைவிட, அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வந்த அசட்டுத்தனம்தான் அதிகம் உறுத்தியது. இவ்வளவு எளிய பரிசோதனை, வாங்குவதற்கு முன்பே செய்திருக்கக்கூடியது, அதைப் பற்றி அந்தத் தரகர் வாயைத் திறக்கவே இல்லை.

ஆகவே முதலில் மனசில் பதியவேண்டியது இது. நிமோனியாவுக்கு ஃபேஜ், பிராங்கைட்டிசுக்கு ஃபேஜ் என்று எதுவும் கிடையாது. சூடோமோனாஸுக்கு ஃபேஜ் என்பதுகூடப் பாதி உண்மைதான். உங்கள் நெஞ்சில் இன்றைக்கு இருக்கும் அந்தக் குறிப்பிட்ட ரகத்துக்கு ஃபேஜ் உண்டா என்பதே கேள்வி. கிளெப்சியெல்லா நிமோனியே என்ற கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளால் ஆன தடித்த உறை இருக்கும். அந்த உறையில் பல பத்து வகைகள் உண்டு. அதைத் தாக்கும் ஃபேஜின் வாலில் உறையைக் கரைக்கும் நொதி இருக்கும், ஆனால் பெரும்பாலும் அது ஒன்றிரண்டு உறை வகைகளைத்தான் கரைக்கும். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு வேலை செய்த ஃபேஜ் உங்கள் கிளெப்சியெல்லாவை எட்டிக்கூடப் பார்க்காமல் போகலாம். இன்னொன்று, சாதாரணச் சளிக்காய்ச்சலும் ஃப்ளூவும் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஃபேஜால் எந்தப் பயனும் இல்லை. அதையும் சேர்த்து விற்பவர் எவராக இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். எந்த ஃபேஜ் உங்கள் கிருமியைக் கொல்கிறது என்று பார்க்கும் சோதனையை ஃபேஜோகிராம் என்பார்கள். பணத்தை எடுக்கும் முன் அதன் முடிவு எழுத்தில் கையில் இருக்கவேண்டும்.

உண்மையான ஃபேஜ் குழு ஒன்றோடு தொடர்பு கிடைத்தபோது அவர்கள் கேட்ட முதல் விஷயம் என்னிடம் இல்லை. "உங்கள் ஐசொலேட்டை அனுப்புங்கள்" என்றார்கள். அதாவது என் சளியிலிருந்து பிரித்தெடுத்த உயிருள்ள கிருமி. நான் ரிப்போர்ட் ஃபைலை ஸ்கேன் செய்து அனுப்பத் தயாராக இருந்தேன், அவர்களுக்கு அது பயன்படாது. பரிசோதனைக்கூடத்தில் விசாரித்தால், ரிப்போர்ட் கொடுத்ததும் தட்டுகளை அழித்துவிடுவது வழக்கமாம். தவறு என்று சொல்லமுடியாது, பெரும்பாலான கூடங்களில் அப்படித்தான். ஆனால் அந்தச் சமயம் நான் பலமான ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருந்ததால் புதிதாகக் கொடுத்த சளியில் கிருமி சரியாக வளரவில்லை. மறுபடி வளரும்வரை காத்திருந்ததில் மாதங்கள் போயின. நோய் குறைந்திருக்கிறது என்று சந்தோஷப்படவேண்டிய நேரத்தில், கிருமி வளரவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒரு நிலைமை.

இதில் நான் கற்றதை விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது இலவசமாகச் செய்யக்கூடியது. ஃபேஜ் பற்றி யோசனை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எதிர்ப்புத்தன்மை உள்ள கிருமி வந்தால் அதைக் கிளிசராலில் கலந்து ஆழ்உறைநிலையில், மைனஸ் 80 டிகிரியில், பத்திரப்படுத்திவைக்க முடியுமா என்று டாக்டர் மூலம் கேளுங்கள். சளி கொடுக்கும் முன்பே கேட்கவேண்டும், ரிப்போர்ட் வந்தபின் கேட்டால் காலம் கடந்திருக்கும். முடிந்தால் ஒரே ஒரு காலனியை, அதாவது தட்டில் வளரும் ஒரே ஒரு கிருமிப் புள்ளியை, மட்டும் வைக்கவேண்டாம் என்றும் சொல்லுங்கள். நாள்பட்ட நுரையீரல் தொற்றில் ஒரே கிருமி வருடக்கணக்கில் உள்ளேயே இருந்து பல முகங்களாகப் பிரிந்துவிடும். என் தட்டில் கொழகொழவென்று ஒரு ரகமும், தட்டையாக வறண்ட ஒரு ரகமும், மிகச் சிறிய புள்ளிகளாக ஒரு ரகமும் இருந்தன. எல்லாம் சூடோமோனாஸ்தான். கொழகொழ ரகம் ஆல்ஜினேட் என்ற பசையைச் சுரந்து அதற்குள் ஒளிந்திருக்கும். சில ஃபேஜ்களிடம் அந்தப் பசையை அறுக்கும் நொதி உண்டு, பலவற்றிடம் கிடையாது. முதலில் பொருந்திய ஒரு ஃபேஜ் தட்டை ரகத்தை மட்டும் கொன்றது. அதை மட்டும் நம்பித் தொடங்கியிருந்தால் மற்ற இரண்டும் இடத்தைப் பிடித்திருக்கும். டூத்பேஸ்ட் நுரையோடு அவசரமாகத் துப்பிய மாதிரியும் உதவாது. ஆழத்திலிருந்து வரும் சளி வேண்டும், எச்சில் வேண்டாம்.

அடுத்த அதிர்ச்சி வேறு மாதிரி. என் கிருமியின் மரபணுவைப் படித்துப் பார்த்தவர்கள், "உங்கள் சூடோமோனாஸுக்குள் ஏற்கெனவே ஃபேஜ்கள் இருக்கின்றன" என்றார்கள். அப்படியென்றால் அது ஏன் சாகவில்லை என்று கேட்டேன். அப்போதுதான் ஃபேஜ் எல்லாமே நம் கட்சி இல்லை என்று புரிந்தது. சில ஃபேஜ்கள் நுழைந்ததும் கொல்லாது. தன் மரபணுவைப் பாக்டீரியாவின் மரபணுவோடு கோத்துவிட்டு, பாக்டீரியா பெருகும்போதெல்லாம் தானும் பிரதியாகிக்கொண்டு சும்மா இருக்கும். சும்மா இருந்தால்கூடப் பரவாயில்லை, வாடகையாக ஏதாவது ஆயுதம் கொடுக்கும். தொண்டை அடைப்பான் நோய் அப்படித்தான் வருகிறது. டிப்தீரியா பாக்டீரியா தனியாக அந்த நச்சைச் செய்யாது, அந்த நச்சின் மரபணு அதற்குள் புகுந்த ஃபேஜுடையது. 1951இல் விக்டர் ஃப்ரீமன் இதைக் காட்டினார், நச்சில்லாத டிப்தீரியா ரகம் ஃபேஜ் புகுந்ததும் நச்சுள்ளதாக மாறியது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் சில சமயம் நுரையீரலையே அழுகச்செய்யும் கடுமையான நிமோனியாவைக் கொண்டுவரும். அதோடு தொடர்புபடுத்தப்படும் பிவிஎல் என்ற நச்சும் ஃபேஜ் கொண்டுவந்ததுதான்.

எனக்குள் இருந்தது பிஎஃப் எனப்படும் நூல் போன்ற ஃபேஜ். சூடோமோனாஸ் அதைக் கோடிக்கணக்கில் வெளியே விடுகிறது, பெரும்பாலும் தான் வெடிக்காமலேயே. அந்த நூல்கள் சளியில் இருக்கும் நீண்ட மூலக்கூறுகளோடு சேர்ந்து வரிசையாக அடுக்கிக்கொண்டு, கிட்டத்தட்ட திரவப் படிகம் மாதிரி ஒரு கட்டமைப்பை உண்டாக்குகின்றன. 2015இல் இது வெளியானது. டோப்ராமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் அந்த நூல்களில் சிக்கிக் கிருமியைச் சேராமல் போகின்றன. 2019இல் வந்த இன்னொரு ஆய்வு நாள்பட்ட புண்களை வைத்துச் செய்தது. நம் நோயெதிர்ப்பு செல்கள் அந்த ஃபேஜைப் பார்த்து 'வைரஸ் வந்துவிட்டது' என்று அந்தப் பக்கம் திரும்பிவிடுகின்றன, பாக்டீரியாவை விழுங்கும் வேலை சுணங்குகிறது. வருடக்கணக்காக ஆவியில் இழுத்த மருந்து ஏன் பாதிதான் கேட்டது என்பதற்கு ஒரு காரணம் இதுவாக இருக்கலாம் என்றார் டாக்டர். எனக்குக் கோபம் வரவில்லை, ஒருவித மரியாதையே வந்தது. இவ்வளவு ஏற்பாட்டோடு குடியிருப்பவனை ஒரு பெட்டி பாட்டில் கொண்டு விரட்டப் பார்த்திருக்கிறேன்.

இங்கிருந்து கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. கொடுக்கப்போகும் ஃபேஜ் கொல்லும் வகை மட்டும்தானா, தங்கிவிடும் வகை இல்லையே, மரபணுவைப் படித்து நச்சு மரபணு இல்லை என்று உறுதிசெய்தார்களா என்பது ஒன்று. இரண்டாவது, சுத்திகரிப்பு. ஃபேஜை வளர்ப்பதே பாக்டீரியாவில்தான். அது வெடிக்கும்போது எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருள் கலவையில் சேரும். அதை நீக்காமல் ரத்தத்திலோ நுரையீரலிலோ செலுத்துவது ஆபத்து. என் பழைய பாட்டில்களில் எண்டோடாக்சின் அளவு என்ற பேச்சே இல்லை. அந்த லேபிளை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

எண்ணிக்கையையும் கேளுங்கள், அதாவது ஒரு மில்லிலிட்டரில் உயிருள்ள ஃபேஜ் எத்தனை, அதை எப்போது அளந்தார்கள் என்று. இது சும்மா நுணுக்கம் இல்லை. ஐரோப்பாவில் தீக்காயப் புண்களில் சூடோமோனாஸுக்காக ஃபேகோபர்ன் என்ற பெரிய சோதனை நடந்தது, முடிவு 2019இல் வெளியானது. பன்னிரண்டு ஃபேஜ் சேர்த்த கலவை அது. தயாரித்த பின் வீரியம் விழுந்துபோய், நோயாளிகளுக்குத் திட்டமிட்டதைவிட மிகமிகக் குறைவான ஃபேஜ்தான் போய்ச் சேர்ந்தது. முடிவும் சுமார்தான். வெயிலும், வறட்சியும், அமிலமும் ஃபேஜைக் கெடுக்கும். வெதுவெதுப்பாக வந்த என் பெட்டியைப் பற்றி இனிமேல் புலம்பமாட்டேன், ஆனால் குளிர்சங்கிலி பற்றி, அதாவது வழி முழுக்கக் குளிரிலேயே வைத்திருந்தார்களா என்று, கேட்காமல் எதையும் வாங்காதீர்கள்.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். பல நாடுகளில் இது இன்னும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. வேறு வழி இல்லாத நோயாளிக்குக் கருணை அடிப்படையில், நெறிமுறைக் குழு அனுமதியோடு கொடுப்பது ஒரு வழி. பெல்ஜியத்தில் டாக்டர் சீட்டின்பேரில் நோயாளிக்கென்று தயாரித்துக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. முறையான மருத்துவச் சோதனையில் சேர்வது இன்னொரு வழி, அதில் சிகிச்சைக்குப் பணம் கேட்கமாட்டார்கள். எந்த வழியானாலும் உங்கள் நுரையீரல் டாக்டர் கையெழுத்து இல்லாமல் நகராது. டாக்டரைத் தாண்டிப் போகலாம் என்று சொல்பவரிடம் சட்டப்படியான வழி எதுவும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காகித வேலை சிகிச்சையைவிட நீண்டது. அந்தக் காத்திருப்பில் விடுப்பு தீர்ந்து, சம்பளம் பிடித்தம் ஆகி, வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

எனக்கு நெபுலைசர் என்ற, மருந்தை ஆவியாக்கித் தரும் கருவி வழியாகக் கொடுத்தார்கள், கூடவே நரம்பில் ஆன்டிபயாடிக். நெபுலைசர் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்திருந்தேன். இல்லை. கருவியின் வகையைப் பொறுத்தும் ஃபேஜின் வகையைப் பொறுத்தும் எத்தனை ஃபேஜ் வாலோடு முழுசாக வெளியே வருகிறது என்பது மாறும், வால் உடைந்த ஃபேஜ் ஒட்டாது. அதனால் என் ஃபேஜை அந்தக் கருவியிலேயே முன்கூட்டிச் சோதித்தார்கள். வீட்டில் இருக்கும் பழைய கருவியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மற்ற ஆவி மருந்துகளுக்கும் இதற்கும் இடையில் எவ்வளவு இடைவெளி, எது முதலில் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சில இரவுகள் பயங்கரமாக இருந்தன. காய்ச்சல், நடுக்கம், இதுவரை இல்லாத அளவு சளி. செத்துவிடுவோம் என்று நினைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது. கிருமி கூட்டமாக வெடிக்கும்போது அதன் உள்ளிருப்பது வெளியே கொட்டி இப்படி ஆகலாம் என்று செவிலியர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. இதை வீட்டில் தனியாக இருந்து சமாளித்திருக்க முடியாது. ஆஸ்பத்திரிப் படுக்கையில்தான் தொடங்கவேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாகச் சொன்னதன் காரணம் அன்று விளங்கியது.

ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லவேண்டும். ஃபேஜ் தனியாகச் சண்டையை முடிப்பதில்லை. 2017இல் எலிகளில் சூடோமோனாஸ் நிமோனியாவை வைத்து ஒரு ஆய்வு வந்தது. நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்கள் இல்லாத எலிகளில் ஃபேஜ் சிகிச்சை தோற்றுப்போனது. ஃபேஜ் பெரும்பகுதியைக் குறைக்க, பழகிக்கொண்டு மிஞ்சும் கிருமிகளை நம் வெள்ளணுக்கள் முடிக்கவேண்டும். எனவே நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எதுவும் எடுப்பவர்கள் அதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

மெல்ல சளி குறைந்தது, நிறம் வெளுத்தது. பேசும்போது இருமல் வராத ஒரு முழுப் பகல் கிடைத்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று. பட்டதோ என்னவோ, அடுத்த கல்ச்சரில் கிருமி மறுபடி பெருகியிருந்தது, அதுவும் நாங்கள் கொடுத்த ஃபேஜை மதிக்காத ரகம். எல்லாம் வீண் என்று அழுதேன். டாக்டர் அசையவில்லை, சென்சிட்டிவிட்டி ரிப்போர்ட் வரட்டும், எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்போம் என்றார். வந்தது. பல வருடமாக 'ஆர்' என்று இருந்த ஒரு மருந்துக்கு நேராக 'எஸ்'.

இதற்குப் பின்னால் இருக்கும் யோசனை யேல் பல்கலைக்கழகத்தில் பால் டர்னர், பெஞ்சமின் சான் குழுவினர் 2016இல் வெளியிட்டது. ஒரு குளத்து நீரில் கிடைத்த ஓஎம்கேஓ1 என்ற ஃபேஜ், சூடோமோனாஸின் ஓபிஆர்எம் என்ற புரதத்தைப் பிடித்து உள்ளே நுழைகிறது. அந்தப் புரதம், உள்ளே வரும் ஆன்டிபயாடிக்கை வெளியே இறைத்துத் தள்ளும் பம்பின் ஒரு பகுதி. ஃபேஜிடமிருந்து தப்ப வேண்டுமானால் பாக்டீரியா அந்தப் பம்பை மாற்றவோ இழக்கவோ வேண்டும். இழந்தால் ஆன்டிபயாடிக் உள்ளேயே தங்கிக் கொல்லும். கிணற்று வாளியைத் தூக்கி எறிந்துவிட்டுத் திருடனிடமிருந்து தப்பியவன் தாகத்தில் சாவதுபோல. எனக்குக் கொடுத்ததும் அதேபோலப் பம்பைக் குறிவைக்கும் ஃபேஜ்தான். எல்லா ஃபேஜும் இப்படி வேலை செய்யாது. ஆனால் "இந்த ஃபேஜுக்குக் கிருமி பழகினால் அதற்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டுவையுங்கள். நல்ல குழுவிடம் அதற்குப் பதில் இருக்கும். ஃபேஜ் வந்துவிட்டதே என்று ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதும் இதிலிருந்தே தெரியும்.

இந்தத் துரத்தல் எங்கும் நிற்பதில்லை. கக்குவான் கிருமியின் இனமான போர்டெடெல்லா தன் மேற்பரப்பை அடிக்கடி மாற்றிக்கொள்ளும். அதைத் துரத்தும் ஒரு ஃபேஜிடம் தன் வால் நுனியின் மரபணுவை மட்டும் வேண்டுமென்றே தாறுமாறாக மாற்றிப் புதுப்புது நுனிகளைச் செய்யும் ஏற்பாடு இருப்பதை 2002இல் கண்டார்கள். சூடோமோனாஸ் கிரிஸ்பர் என்ற நினைவுப் பதிவால் பழைய ஃபேஜை அடையாளம் கண்டு வெட்டும். அதன் ஃபேஜ்களோ அந்த வெட்டுக்கத்தியை முடக்கும் புரதத்தை வைத்திருக்கின்றன, 2013இல் வெளிவந்த செய்தி. படுக்கையில் கிடந்தபடி இதையெல்லாம் படித்தபோது என் நெஞ்சு யாருடைய போர்க்களம் என்றே குழப்பமாகிவிட்டது.

பாக்டீரியா மட்டும் இல்லை, நம் உடம்பும் ஃபேஜுக்குப் பழகும். மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற மிகப் பிடிவாதமான நுரையீரல் கிருமிக்கு, 2019இல் வெளியான விவரப்படி, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சளி கெட்டியாகும் பிறவி நோய்) உள்ள பதினைந்து வயதுப் பெண்ணுக்கு மூன்று ஃபேஜ்கள் கொடுத்து நல்ல பலன் கிடைத்தது. அதில் இரண்டின் மரபணுவைத் திருத்தித் தங்கும் குணத்தை எடுத்துவிட்டுக் கொல்லும் வகையாக மாற்றியிருந்தார்கள். அதே கிருமியும் பிராங்கியெக்டாசிஸும் இருந்த 81 வயது நோயாளிக்கு, 2021இல் வெளியான விவரப்படி, முதல் மாதத்தில் கிருமி குறைந்து பிறகு மறுபடி ஏறியது. காரணம் கிருமி பழகியதில்லை, ரத்தத்தில் ஃபேஜை முடக்கும் எதிர்ப்பொருள் உருவானது. என் ரத்தத்தை ஏன் அடிக்கடி எடுக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டிருந்தேன், இதற்காகத்தான். அந்தச் சோதனைக்கும் சேர்த்துச் செலவுக் கணக்குப் போடுங்கள்.

இப்போது எப்படி இருக்கிறேன்? சூடோமோனாஸ் போகவில்லை. அளவு குறைந்திருக்கிறது, திடீரென்று மோசமாகி ஆஸ்பத்திரிக்கு ஓடுவது குறைந்திருக்கிறது, கைவிட்ட ஒரு மருந்து திரும்பக் கிடைத்திருக்கிறது. இதில் ஃபேஜின் பங்கு எவ்வளவு, ஊசியின் பங்கு எவ்வளவு, தினமும் சளி வெளியேற்றச் செய்யும் மூச்சுப் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கமுடியாது. பெல்ஜியக் குழு ஒருங்கிணைத்த நூறு நோயாளிகளின் தொகுப்பு 2024இல் வெளிவந்தது. 77 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், 61 சதவீதம் பேருக்குக் குறிவைத்த கிருமி ஒழிந்தது, ஆன்டிபயாடிக் சேராதவர்களிடம் ஒழிந்த வாய்ப்பு வெகுவாகக் குறைவு. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கொடுக்காத குழு அதில் இல்லை என்பதை நினைவில் வைத்துத்தான் அந்த எண்களைப் படிக்கவேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, சேமிப்பில் பெரும்பகுதி போய்விட்டது. அதில் தரகருக்குப் போனதுதான் இன்றும் எரிச்சல், மற்றது கூடத்துக்கும் படுக்கைக்கும் பயணத்துக்கும் போனது, அதற்கு ரசீது இருக்கிறது. இப்போது சளி கொடுக்கப் போகும்போதெல்லாம் உறைநிலைக்கு ஒரு பங்கு எடுத்துவைக்கச் சொல்லி டாக்டரிடம் எழுதி வாங்கிய சீட்டைக் கூடவே நீட்டுகிறேன். அங்கே இருப்பவர் மாறினால் மறுபடி விளக்கவேண்டியிருக்கிறது, கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.